மரத்தைச் சாய்க்காமல் பால் எடுத்தவர்: பூமலையின் ரிட்லி

தோட்டப்புறத்தில் ஒருவர் மரம் வெட்டப் போவதாகச் சொன்னால், அவர் மரத்தைச் சாய்க்கப் போவதாக யாரும் நினைப்பதில்லை. விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய், உளியும் வாளியுமாகத் தம் நிரையில் இறங்கி, பட்டையை மெல்லியதாகச் சீவி, மங்கில் பால் வடியவிடப் போகிறார் என்றே பொருள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மூன்று, நான்கு தலைமுறைத் தமிழர்கள் இந்த வேலையைச் செய்து பிள்ளைகளை வளர்த்தார்கள்.

மரம் சாகாமல் அதை நாள்தோறும் வெட்ட முடியும் என்பது 1890களுக்கு முன்பு இவ்வட்டாரத்தில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. அதைச் சோதித்துக் காட்டியவர் ஹென்றி நிக்கலஸ் ரிட்லி. சிங்கப்பூர்ப் பூமலையின் இயக்குநராக 1888 முதல் 1912 வரை பணியாற்றிய தாவரவியலாளர். தோட்டத் தமிழர்களின் வாழ்க்கையை அவர் அளவுக்கு மாற்றிய அறிவியலாளர் வேறு ஒருவர் இருக்க முடியாது. ஆனாலும் தோட்டத்துப் பேச்சில் அவர் பெயர் அதிகம் அடிபடுவதில்லை.

பாதிரியார் மகன்

ரிட்லி 1855 டிசம்பர் 10ஆம் தேதி இங்கிலாந்தின் நார்ஃபோக் மாவட்டத்தில் உள்ள வெஸ்ட் ஹார்லிங் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை பாதிரியார். சிறு வயதிலேயே செடி, பூச்சி, பறவை என்று தேடி அலைந்த பிள்ளை, ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகத்தின் எக்ஸெட்டர் கல்லூரியில் படித்துத் தேறினார். 1880ல் லண்டனில் பிரிட்டிஷ் அரும்பொருளகத்தின் தாவரவியல் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார்.

அங்கு உலகெங்கிலுமிருந்து வந்த உலர்ந்த செடிகளை வகைப்படுத்தும் பணி எட்டு ஆண்டுகள் நீடித்தது. 1887ல் பிரேசிலுக்கு அப்பால் கடலில் உள்ள ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவுக்கு ஆய்வுப் பயணம் சென்றார். வெப்பமண்டலச் செடிகளை அவை வளரும் இடத்திலேயே பார்த்த அனுபவம் அவருக்கு அங்கு வாய்த்தது.

மறு ஆண்டு, சிங்கப்பூரில் பூமலையைக் கவனித்துவந்த நத்தானியேல் கேன்ட்லி காலமானதால் அந்தப் பதவி காலியானது. ரிட்லி அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1888 நவம்பரில் சிங்கப்பூர் வந்து இறங்கியபோது அவருக்கு வயது 32. நீரிணைக் குடியேற்றங்கள் எனப்பட்ட சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா மூன்றிலும் இருந்த அரசாங்கத் தோட்டங்களும் காடுகளும் அவர் பொறுப்பில் வந்தன.

அதே 1888ல்தான் ஜான் டன்லப் காற்றடைத்த ரப்பர் டயருக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு செய்திகளுக்கும் தொடர்பு இருக்கும் என்று அப்போது யாரும் எண்ணியிருக்க வழியில்லை.

22 கன்றுகள்

ரிட்லி வருவதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே ரப்பர் மரம் சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. 1876ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டில் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைத் திரட்டி லண்டனின் கியூ பூங்காவுக்குக் கொண்டுசேர்த்தார். எண்ணெய்ப் பசை நிறைந்த அந்த விதைகள் சில வாரங்களிலேயே முளைக்கும் திறனை இழந்துவிடும். கியூவில் முளைத்தவை 3,000கூட இல்லை. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது.

சிங்கப்பூருக்கு 1877ல் 22 கன்றுகள் கிடைத்தன. பாதி பூமலையில் நடப்பட்டன. சில பேராக்கின் கோலகங்சாருக்குச் சென்றன. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்த மரங்கள் அழகுக்கு வளர்த்த மரங்களைப்போல் நின்றன. அவற்றால் காசு பார்க்கலாம் என்று நம்பியவர்கள் சிலர் மட்டுமே.

நம்பாததற்குக் காரணமும் இருந்தது. அமேசானில் ரப்பர் எடுப்பவர்கள் சிறு கோடரியால் மரத்தைக் கொத்துவார்கள். கோடரி பட்டையைத் தாண்டிக் கட்டைவரை இறங்கும். காயம் பட்ட இடம் முடிச்சு முடிச்சாக வீங்கிவிடும். அங்கே மறுபடி வெட்ட முடியாது. காட்டில் ஆயிரக்கணக்கில் மரங்கள் இருக்கும்போது அது பெரிய இழப்பாகத் தெரியாது. காசு போட்டு நிலம் வாங்கி, கன்று நட்டு, ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டிய தோட்டக்காரருக்கு அது கட்டுப்படியாகாது.

இந்த வட்டாரத்துக்கு வேறொரு கசப்பான பாடமும் இருந்தது. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையாகப் பயன்பட்ட கட்டா பெர்ச்சா என்ற பிசின், காட்டு மரங்களைச் சாய்த்தே எடுக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் சிங்கப்பூரிலும் தீபகற்பத்தின் பல பகுதிகளிலும் அந்த மரம் அருகிப்போனது. காடுகளுக்கும் பொறுப்பாளராக இருந்த ரிட்லி அதை அறிந்தவர்.

மீன் முள் போன்ற வெட்டு

வந்த மறு ஆண்டே ரிட்லி பூமலையின் ரப்பர் மரங்களில் சோதனையைத் தொடங்கினார். எந்த நேரத்தில் வெட்டினால் அதிகம் பால் வரும், எவ்வளவு ஆழம் வெட்டலாம், எத்தனை நாள் இடைவெளி வேண்டும், காயம் எப்படி ஆறுகிறது என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

ரப்பர் மரத்தின் பால், பட்டைக்குள் ஓடும் நுண்ணிய குழாய்களில் இருக்கிறது. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே வளர்படை என்ற மெல்லிய அடுக்கு உண்டு. புதுப் பட்டையை உருவாக்குவது அந்த அடுக்குதான். உளி அதைத் தொடாமல் பட்டையை மட்டும் சீவினால் சில ஆண்டுகளில் அதே இடத்தில் பட்டை மீண்டும் வளரும். மரம் சாகாது, மறுபடியும் வெட்டலாம்.

நடுவில் ஒரு நேர்க்கோடு, அதன் இரு பக்கமும் சாய்வான வெட்டுகள் என மீன் முள்ளைப்போல் தோன்றும் முறையை அவர் கையாண்டார். ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் வெட்டாமல், முன்பு வெட்டிய கோட்டின் கீழ் விளிம்பிலேயே மெல்லியதொரு சீவல் எடுக்க வேண்டும். பழைய வெட்டை இப்படித் திறக்கத் திறக்க, முதல் நாளைவிடப் பின்வரும் நாள்களில் பால் கூடுதலாக வந்தது. 1890களின் நடுப்பகுதிக்குள் அந்த முறை உறுதிப்பட்டுவிட்டது.

விடியற்காலைதான் வெட்டுக்கு ஏற்ற நேரம் என்பதும் அந்தச் சோதனைகளில் தெளிவானது. இரவுக் குளிர்ச்சியில் மரம் நீரைத் தேக்கி வைத்திருக்கும்போது குழாய்களில் அழுத்தம் அதிகம். வெயில் ஏறினால் இலைகள் வழியே நீர் வெளியேறி, பால் வடிவது குறையும். தோட்டங்களில் இருட்டிலேயே பிரட்டு ஓசை கேட்டதற்கும், தாய்மார்கள் தூங்கும் குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு ஓடியதற்கும் காரணம் மரத்தின் இந்த இயல்புதான்.

கேலிக்கு ஆளானவர்

கண்டுபிடித்ததை விற்பது, கண்டுபிடிப்பதைவிடக் கடினமாக இருந்தது. அந்தக் காலத்தில் மலாயாவின் ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் காப்பியில் நல்ல லாபம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரிட்லி அவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் ரப்பரைப் பற்றியே பேசினார். சட்டைப் பையில் விதைகளை வைத்துக்கொண்டு, நட்டுப் பாருங்கள் என்று கையில் திணித்தார். அவரைக் கண்டாலே சிலர் ஒதுங்கிப் போனார்கள். ரப்பர் ரிட்லி என்றும் பைத்தியக்கார ரிட்லி என்றும் பட்டப்பெயர்கள் நிலைத்தன.

முதலில் துணிந்தவர்களில் முக்கியமானவர் மலாக்காவின் டான் சே யான். சிங்கப்பூரில் மருத்துவமனைக்குப் பெயர் தந்த கொடையாளர் டான் டோக் செங்கின் பேரர் அவர். ரிட்லியின் பேச்சைக் கேட்டு 1896ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்து புக்கிட் அசகானில் இன்னும் பெரிய பரப்பில் இறங்கினார். ஏறக்குறைய அதே காலத்தில் காஜாங்கில் கிண்டர்ஸ்லி சகோதரர்களின் இஞ்ச் கென்னத் தோட்டத்திலும் சில ஏக்கரில் ரப்பர் நடப்பட்டது.

மற்றவர்களின் மனத்தை மாற்றியது காப்பி விலைச் சரிவு. பிரேசிலில் காப்பி அளவுக்கு மீறி விளைந்ததால் 1890களின் இறுதியில் உலகச் சந்தையில் விலை விழுந்தது. மலாயாவின் காப்பித் தோட்டக்காரர்கள் வேறு வழி தேடியபோது, பத்து ஆண்டுகளாக ஒரே பேச்சைப் பேசிவந்த மனிதரின் நினைவு வந்தது. பூமலைக்கு விதை கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. 1917க்குள் பூமலை விநியோகித்த ரப்பர் விதைகள் 70 லட்சத்தை எட்டின.

மோட்டார் வாகனங்கள் பெருகியதும் ரப்பர் விலை ஏறியது. 1910ல் லண்டன் சந்தையில் ஒரு பவுண்டு ரப்பர் 12 ஷில்லிங் வரை எட்டியது. 1920ஆம் ஆண்டுவாக்கில் உலக ரப்பரில் ஏறத்தாழ பாதி மலாயாவில் விளைந்தது.

கப்பல் ஏறி வந்தவர்கள்

பட்டையைச் சீவும் வேலையை எந்த இயந்திரமும் செய்யவில்லை. வளர்படையைத் தொடாமல் வெட்டுவதற்குப் பழகிய கை வேண்டும். சிறிது ஆழம் கூடினால் மரம் கெடும். சிறிது குறைந்தால் பால் குறையும். லட்சக்கணக்கான மரங்களுக்கு ஆயிரக்கணக்கான கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகளுக்காகத் தோட்ட நிறுவனங்கள் தமிழ்நாட்டின் கிராமங்களுக்கு ஆள் அனுப்பின.

கரும்புக்கும் காப்பிக்கும் முன்பே தமிழர்கள் வந்திருந்தார்கள். ரப்பர் அந்த எண்ணிக்கையைப் பல மடங்காக்கியது. கங்காணிகள் தங்கள் ஊர்களுக்குப் போய் உறவுக்காரர்களையும் அண்டை வீட்டாரையும் அழைத்துவந்தார்கள். 1907ல் தோட்ட முதலாளிகளிடம் தீர்வை வசூலித்து, தமிழ்த் தொழிலாளர்களின் கப்பல் செலவுக்கு நிதி அமைக்கப்பட்டது. ஒப்பந்தக் கூலி முறை 1910ல் மலாயாவில் முடிவுக்கு வந்தாலும் கங்காணி முறை தொடர்ந்தது. உதவித்தொகையுடன் ஆள் அனுப்புவதை இந்தியா 1938ல் நிறுத்தியது.

நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹமிலோ சிங்கப்பூரிலோ இறங்கினார்கள். சிங்கப்பூருக்கு வந்தவர்கள் செயின்ட் ஜான்ஸ் தீவில் தனிமைப்படுத்தப்பட்ட பிறகே நகருக்குள் விடப்பட்டார்கள். தோட்டத்தில் அவர்களுக்காகக் காத்திருந்தது லயமும் மலேரியாவும். காடு அழிக்கப்பட்டு வெயில் பட்ட குன்றோர ஓடைகளில் மலேரியா பரப்பும் கொசு செழித்து வளர்ந்தது. கன்று நட்ட ஆண்டுகளில் பல தோட்டங்களில் சாவு எண்ணிக்கை மிக அதிகமாக இருந்தது. கிள்ளானில் பணியாற்றிய மருத்துவர் மால்கம் வாட்சன் இதை ஆராய்ந்து, நிலத்தடியில் வடிகால் அமைத்துக் கொசுவைக் கட்டுப்படுத்தும் வழியைக் காட்டினார்.

தோட்டங்களை நடத்தியவர் ரிட்லி அல்லர். சம்பளத்தையும் லயத்தின் நிலையையும் முடிவுசெய்தவை நிறுவனங்களும் அரசாங்கமும்தான். ஆனாலும் மரத்தின் காயம் ஆறக் கொடுத்த கவனம், அதை வெட்டிய மனிதரின் உடல்நலத்துக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆயின என்பது வரலாறு.

சிங்கப்பூரிலும் ரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. செம்பவாங், நீ சூன், மண்டாய் வட்டாரங்களில் தமிழ்க் குடும்பங்கள் மரம் வெட்டி வாழ்ந்தன. அன்னாசிக்கும் ரப்பருக்கும் பெயர்பெற்ற லிம் நீ சூனின் பெயரே இன்று யீஷூன் நகருக்கு நிலைத்திருக்கிறது. நிரைகள் இருந்த இடங்களில் இப்போது வீவக புளோக்குகள் நிற்கின்றன.

ரப்பருக்கு அப்பால்

ரப்பரை மட்டும் சொன்னால் ரிட்லியின் பணியில் பாதிகூட ஆகாது. தென்னை மரங்களை அழித்த வண்டுகளைப் பற்றி 1889லேயே அறிக்கை எழுதினார். ரப்பர் மரத்தின் வேரைத் தின்று மரத்தையே சாய்த்துவிடும் வெள்ளை வேர் நோயை 1904ல் பூமலையில் அடையாளம் கண்டு பதிவுசெய்தவரும் அவரே. ஒரு பூஞ்சையால் வரும் அந்த நோய் இன்றும் ரப்பர்த் தோட்டங்களுக்குப் பெரிய தொல்லை. ஒரே வகை மரத்தை வரிசை வரிசையாக நட்டால் நோயும் வரிசையாகப் பரவும் என்ற உண்மை அத்தொழிலின் தொடக்கத்திலேயே தலைகாட்டியது.

1893ல் ஆக்னஸ் ஜோவாக்கிம் என்ற ஆர்மீனியப் பெண்மணி தம் தோட்டத்தில் பூத்த புதுவகை ஆர்க்கிட் மலரை ரிட்லியிடம் கொண்டுவந்தார். ரிட்லி அதை ஆராய்ந்து, அது கலப்பின மலர் என்று உறுதிசெய்து, அப்பெண்மணியின் பெயரையே சூட்டி உலகுக்கு அறிவித்தார். அந்த வாண்டா மிஸ் ஜோவாக்கிம் 1981ல் சிங்கப்பூரின் தேசிய மலரானது.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் காட்டுக்குப் போனார். புக்கிட் தீமா குன்று, ஜோகூர், பகாங்கின் தஹான் மலை, கிறிஸ்துமஸ் தீவு என்று அவர் செடி சேகரித்த இடங்களின் பட்டியல் நீளமானது. 1907ல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ஓய்வுபெற்று 1912ல் இங்கிலாந்து திரும்பியவர், கியூ பூங்கா அருகில் குடியேறி எழுதிக்கொண்டே இருந்தார். மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களைப் பற்றிய அவரது ஐந்து தொகுதி நூல் 1922 முதல் 1925 வரை வெளிவந்தது. விதைகள் காற்றாலும் நீராலும் விலங்குகளாலும் எப்படிப் பரவுகின்றன என்பதைத் தொகுத்த பெரிய நூல் 1930ல் வந்தது. அவர் நாடெங்கும் பரப்பிய ரப்பருக்காக அழிக்கப்பட்ட காடுகளில் என்னென்ன செடிகள் இருந்தன என்பதை அறிய, இன்றைய ஆய்வாளர்கள் அவர் எழுதிய நூலையே புரட்டுகிறார்கள்.

பிரேசில் தோற்ற இடத்தில்

ரப்பரின் தாயகமான பிரேசிலால் ஏன் மலாயாவுடன் போட்டியிட முடியவில்லை என்ற கேள்வி எழலாம். கார் நிறுவனர் ஹென்றி ஃபோர்டு அதை முயன்றார். 1928ல் அமேசானில் ஃபோர்டுலாந்தியா என்ற தோட்டத்தைப் பெரும் செலவில் தொடங்கினார். மரங்களை நெருக்கமாக நட்டதும் இலைக் கருகல் நோய் தாக்கியது. பூஞ்சையால் வரும் அந்த நோய் அமேசானுக்கே உரியது. காட்டில் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் அது பரவாது. தோட்டத்தில் இலைக்கு இலை தாவும். 1945ல் ஃபோர்டு நிறுவனம் தோட்டத்தைக் கைவிட்டது.

விதையாகக் கடல் கடந்து வந்ததால் ஆசிய மரங்களுடன் அந்தப் பூஞ்சை வரவில்லை. அதே நேரத்தில், தென்கிழக்காசியாவின் ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்கம் கொண்டுவந்த அந்தச் சிறு விதைக் கூட்டத்தின் வழித்தோன்றல்கள். நோய் எப்போதாவது இங்கே நுழைந்தால் எதிர்த்து நிற்கும் திறன் அவற்றுக்குக் குறைவு. அதனால்தான் அமேசான் பகுதியிலிருந்து வரும் செடிகளுக்கு இவ்வட்டார நாடுகள் இன்றும் கடுமையான கட்டுப்பாடு விதிக்கின்றன.

நூறு ஆண்டு கண்டவர்

ரிட்லி தம் வாழ்வின் பெரும்பகுதியைத் தனியாகக் கழித்தவர். 80 வயதைக் கடந்த பிறகே திருமணம் செய்துகொண்டார். பைத்தியக்காரர் என்று ஏசப்பட்டவருக்குப் பதக்கங்களும் பாராட்டுகளும் வந்துகொண்டே இருந்தன. ஆனால் ரப்பரால் பெரும் செல்வம் சேர்த்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 1955 டிசம்பரில் நூறாவது பிறந்தநாளைக் கண்டார். 1956 அக்டோபர் 24ஆம் தேதி கியூவில் காலமானார். மலாயா சுதந்திரம் பெற ஓராண்டுகூட இல்லை. ரப்பர் அப்போதும் அந்நாட்டின் முதுகெலும்பாக இருந்தது.

டங்ளின் வட்டாரத்தில் ரிட்லி பார்க் என்ற சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2015ல் பூமலையை யுனெஸ்கோ உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தபோது, ரப்பர் ஆய்வில் அதன் பங்கும் முக்கியக் காரணமாகக் கருதப்பட்டது.

தேக்காவில் காய்கறி வாங்க வரும் முதியவர்களில் பலர், பெற்றோரோ பாட்டன் பாட்டியோ ஏதோ ஒரு தோட்டத்தில் மரம் வெட்டியதை நினைவில் வைத்திருப்பவர்கள். அவர்களுக்கு லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து பூமலை தொலைவில் இல்லை. டௌன்டவுன் ரயில் பாதையில் மூன்றாவது நிலையத்தில் இறங்கினால் புக்கிட் தீமா வாயில் வந்துவிடும். அந்தப் பக்கம்தான் ஒரு காலத்தில் பொருளியல் பயிர்களுக்கான தோட்டம் இருந்தது. அதன் ஒரு பகுதியை 1920களில் ராஃபிள்ஸ் கல்லூரிக்காக எடுத்துக்கொண்டார்கள். பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அங்கே நடப்பவர்கள், தங்கள் குடும்பம் ஏன் இந்தக் கரைக்கு வந்தது என்பதை அந்த மண்ணில் நின்றே சொல்லித் தரலாம்.